ஒளி எப்போது அலை, எப்போது துகள்? மாணவி கேட்ட கேள்விக்கு நல்ல பதில் வேண்டும்

வளர்மதி

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். இந்த வாரம் இருமைப் பண்பு பாடம். யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையில் ஒளி அலை, ஒளிமின் விளைவில் ஒளி துகள் என்று வழக்கம்போல நடத்தினேன். ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், பிளவு வழியாகப் போன அதே ஒளியை உலோகத் தகட்டின் மேல் விழவைத்தால் என்ன ஆகும்? பிளவைத் தாண்டும்போது அலை, தகட்டைத் தொட்டதும் துகளா? முன்னால் தகடு இருக்கிறது என்று ஒளிக்கு எப்படித் தெரியும்?"

"சில நேரம் அலை, சில நேரம் துகள்" என்ற வரியையே திருப்பிச் சொல்லி அவளை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வகுப்பில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைத் தாண்டாமல், அதே சமயம் பொய் இல்லாமல் எப்படிச் சொல்வது?

ராஜவேலு

நீல்ஸ் போர் 1927 இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டாரே மேடம். எந்தச் சோதனை செய்கிறோமோ அதைப் பொறுத்து ஒளி ஒரு முகத்தைக் காட்டும். இரண்டும் ஒன்றை ஒன்று நிரப்புகிற விவரிப்புகள், ஒரே நேரத்தில் இரண்டையும் முழுதாகப் பார்க்க முடியாது. தேர்வுக்கு இது போதும்.

பட்டகம்

ராஜவேலு சார், தேர்வுக்குப் போதும்தான். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது தேர்வுக் கேள்வி இல்லை. பிளவையும் தகட்டையும் ஒரே சோதனையில் வைத்தால் என்ன நடக்கும் என்று கேட்கிறாள். பாடத்தில் இரண்டும் தனித்தனி அத்தியாயத்தில் இருப்பதால்தான் இப்படி ஒரு கேள்வி இருப்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

முதலில் நேரடிப் பதில். திரை இருக்கும் இடத்தில் உலோகத் தகட்டை வைத்தால், பிரகாசமான பட்டை விழும் இடங்களிலிருந்து நிறைய எலக்ட்ரான்கள் வரும், இருண்ட பட்டையிலிருந்து அநேகமாக வராது. பட்டையின் ஓரத்தில், வெளிச்சம் குறைவான இடத்தில், எண்ணிக்கைதான் குறையும். அங்கிருந்து வரும் எலக்ட்ரானின் பெரும ஆற்றல் நடுவிலிருந்து வருவதற்குச் சமமாகவே இருக்கும். ஒளி எங்கே எவ்வளவு வரும் என்பதை அலைக்கணக்கு சொல்கிறது, வந்தது எவ்வளவு எவ்வளவாகக் கொடுக்கும் என்பதை ஃபோட்டான் (ஒளித்துகள்) கணக்கு சொல்கிறது. இரண்டும் ஒரே தகட்டில், ஒரே நேரத்தில். (தகடு துத்தநாகம் என்றால் புற ஊதா ஒளி வேண்டும். அதன் வெளியேற்று ஆற்றல் 4.3 எலக்ட்ரான் வோல்ட், சிவப்பு லேசரை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.)

நான் ஒளியியல் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன். அங்கே மாணவர்களுக்குக் காட்டுகிற ஒன்றைச் சொல்கிறேன். சிவப்பு லேசர், அதன் முன்னால் அடுக்கடுக்காகக் கருப்பு வடிகட்டிகள், அப்புறம் இரட்டைப் பிளவு, திரைக்குப் பதிலாக ஒற்றை ஃபோட்டானையும் பதிவு செய்யும் கேமரா. எத்தனை வடிகட்டி வேண்டும் என்பதை மாணவர்களையே கணக்குப் போடச் சொல்வோம். 650 நானோமீட்டர் ஒளியில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 3 × 10⁻¹⁹ ஜூல். அப்படியானால் 1 மில்லிவாட் லேசர் வினாடிக்கு 3,300 லட்சம் கோடி ஃபோட்டான்களைத் தருகிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஒளிக்கு 3.3 நானோ வினாடி ஆகும். இரண்டையும் பெருக்கினால், ஒரு மீட்டர் நீளக் கருவிக்குள் எந்தக் கணத்திலும் சுமார் 1 கோடி ஃபோட்டான்கள். ஒளியை 100 கோடி மடங்கு மங்கலாக்கினால் சராசரி நூறில் ஒன்றாகிவிடும், அதாவது கருவி பெரும்பாலும் காலி. நாங்கள் அதற்கும் கீழே இன்னும் பல ஆயிரம் மடங்கு குறைப்போம். அப்போதுதான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற வேகத்தில் வரும்.

விளக்கை அணைத்துவிட்டு மானிட்டரைப் பார்த்தால் முதலில் வெறும் புள்ளிகள். இங்கே ஒன்று, எங்கோ ஓரத்தில் ஒன்று. பாதிப் புள்ளி என்று எதுவும் வராது, வந்தால் முழுதாக வரும். ஐம்பது புள்ளி சேர்ந்த பிறகும் ஒரு ஒழுங்கும் தெரியாது. சில ஆயிரம் சேர்ந்ததும் நடுவில் ஒரு பட்டை, பக்கத்தில் இடைவெளி, அதற்கு அடுத்து இன்னொரு பட்டை என்று எழும்பி வரும். இப்போது ஒரு பிளவை மூடினால் பட்டைகள் காணாமல் போகும். அதோடு, இதுவரை இருட்டாக இருந்த இடங்களிலும் புள்ளிகள் விழ ஆரம்பிக்கும். இதை அந்த மாணவியிடம் அழுத்திச் சொல்லுங்கள் மேடம். ஒரு வழியை அடைத்த பிறகு ஒரு இடத்துக்கு ஒளி கூடுதலாக வருகிறது. குட்டிக் குட்டிக் குண்டுகள் பறந்து வருவதாக நினைத்தால் இதை எந்த வகையிலும் விளக்க முடியாது.

அதனால் "ஒளி எப்போது மாறுகிறது" என்றால், மாறவே இல்லை என்பதுதான் பதில். ஒவ்வொரு புள்ளியும் முழு அளவு, புள்ளிகளின் பரவல் அலை. ஒரே படத்தில் இரண்டும் இருக்கிறது.

வளர்மதி

"வழியை அடைத்தால் ஒளி கூடுகிறது" என்ற இடம் அவளுக்குக் கட்டாயம் பிடிக்கும். ரொம்ப நன்றி சார்.

ராஜவேலு

நல்ல விளக்கம். ஆனால் இதற்கெல்லாம் போக வேண்டுமா? ஐன்ஸ்டீன் 1905 இல் ஒளிமின் விளைவை விளக்கினார். அலைக்கொள்கையால் அதை விளக்கவே முடியாது. துகள் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது. அதைச் சொன்னாலே மாணவிக்குப் புரியுமே.

பட்டகம்

இந்த இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன் சார். "ஒளிமின் விளைவு ஃபோட்டானை நிரூபிக்கிறது" என்ற வரி நம் வகுப்புகளில் கேள்வியே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது உண்மை இல்லை.

1969 இல் வில்லிஸ் லாம்பும் மார்லன் ஸ்கல்லியும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒளியை மேக்ஸ்வெல் சொன்ன சாதாரண அலையாகவே வைத்துக்கொள்ளுங்கள். உலோகத்தில் இருக்கும் எலக்ட்ரானுக்கு மட்டும் குவாண்டம் விதிகளைப் பயன்படுத்துங்கள். பயன் தொடக்க அதிர்வெண் (இதற்குக் கீழே எலக்ட்ரான் வராது என்ற எல்லை) வந்துவிடுகிறது, எலக்ட்ரானின் பெரும ஆற்றல் அதிர்வெண்ணோடு நேர்கோட்டில் கூடுவது வந்துவிடுகிறது, ஒளி பட்டதும் தாமதமில்லாமல் எலக்ட்ரான் வெளிவருவதும் வந்துவிடுகிறது. ஃபோட்டான் என்ற சொல்லே தேவைப்படவில்லை. ஏடிஎம் 100 ரூபாயின் மடங்கில்தான் பணம் தருகிறது என்பதற்காக, நம் கணக்கில் இருக்கும் பணம் 100 ரூபாய்க் கட்டுகளாகத்தான் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அந்தக் கட்டுப்பாடு ஏடிஎம்முடையதாக இருக்கலாம். அதே மாதிரி, துண்டு துண்டாகப் பதிவாவது ஒளியின் குணமா, அதை வாங்கிக்கொள்ளும் அணுவின் குணமா என்பதை ஒளிமின் விளைவு மட்டும் பிரித்துக் காட்டாது.

அந்தக் காலத்து ஆட்களும் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. மில்லிகன் பல வருடம் உழைத்து, சுத்தமான சோடியம், லித்தியப் பரப்புகளை வெற்றிடத்துக்குள்ளேயே சீவி எடுத்து அளந்தார். 1916 இல் ஐன்ஸ்டீனின் சமன்பாடு அச்சுப் பிசகாமல் பொருந்துவதைக் காட்டினார், பிளாங்க் மாறிலியையும் அதிலிருந்தே எடுத்தார். அப்படியும் ஒளித்துகள் கருத்தை அவர் ஏற்கவில்லை. ஐன்ஸ்டீனுக்குக் கொடுத்த 1921 நோபல் பரிசின் வாசகத்தைப் பாருங்கள், "ஒளிமின் விளைவின் விதி" என்றுதான் இருக்கிறது. போர் 1924 இல் கிராமர்ஸ், ஸ்லேட்டருடன் சேர்ந்து ஃபோட்டான் இல்லாமலே சமாளிக்கப் பார்த்தார். ஆற்றல் அழியாமை ஒவ்வொரு மோதலிலும் பொருந்தாது, சராசரியில்தான் பொருந்தும் என்று சொல்லும் அளவுக்குப் போனார். 1925 இல் போத்தேயும் கைகரும் காம்ப்டன் சிதறலில் (எக்ஸ் கதிர் எலக்ட்ரானில் மோதிச் சிதறுவது) எலக்ட்ரானும் சிதறிய எக்ஸ் கதிரும் ஒரே நேரத்தில் வருவதைப் பதிவு செய்தார்கள். அந்த யோசனை அதோடு முடிந்தது.

இவர்கள் யாரும் அறியாமையால் மறுக்கவில்லை. ஃபிரெனல் தொடங்கி, மேக்ஸ்வெல்லையும் தாண்டி, ஏறக்குறைய நூறு வருடம் குறுக்கீடு, விளிம்பு விளைவுச் சோதனைகளில் அலைக்கொள்கை சறுக்காமல் வந்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க வலுவான சாட்சி வேண்டும் என்று கேட்டார்கள், நியாயமாகவே கேட்டார்கள்.

யாழ்குமரன்

வணக்கம். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அந்தச் சாட்சி 1909 இலேயே கிடைத்துவிட்டதல்லவா? கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர் மிக மங்கலான ஒளியில் ஊசியின் நிழலைப் படம் எடுத்தார். வாயு விளக்கின் முன்னால் புகை படிந்த கண்ணாடிகளை அடுக்கி, ஒரு மைல் தூரத்துக்குச் சற்று அப்பால் எரியும் மெழுகுவர்த்தியின் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்தார். ஒரு தட்டுக்குச் சுமார் மூன்று மாத வெளிச்சம் தேவைப்பட்டது. அப்படியும் விளிம்பு விளைவுப் பட்டைகள் கூர்மை குறையாமல் வந்தன. ஒவ்வொரு போட்டனாகப் போனாலும் பட்டை வரும் என்பதற்கு அதுவே போதாதா?

பட்டகம்

வாங்க யாழ்குமரன். அருமையான சோதனை அது, நானும் வகுப்பில் சொல்வேன். ஆனால் மங்கலான ஒளி வேறு, ஒற்றை ஃபோட்டான் வேறு. முன்னால் நான் சொன்ன லேசர்–வடிகட்டிச் சோதனைக்கும் இதே குறை உண்டு. லேசரை எவ்வளவு மங்கலாக்கினாலும் ஃபோட்டான்கள் வருவது தற்செயல் கணக்குப்படிதான். பெரும்பாலும் பூஜ்யம், எப்போதாவது ஒன்று, மிக அரிதாக இரண்டு சேர்ந்து. டெய்லரின் வாயு விளக்கில் சேர்ந்து வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். பலவீனமான சாதாரண அலை, துண்டுதுண்டாகப் பதிவு செய்யும் பிலிம் என்று வைத்துக்கொண்டாலும் டெய்லரின் படத்தை விளக்கிவிடலாம்.

சாட்சியாகக் கேட்க வேண்டியது இதுதான். ஒளியைப் பாதி ஊடுருவும் கண்ணாடியில் விடுங்கள். ஒரு பாதி நேராகப் போகும், ஒரு பாதி திரும்பும். இரண்டு பக்கமும் ஒளி பட்டால் அடிக்கும் உணர்கருவி. உள்ளே போனது அலை என்றால், எவ்வளவு பலவீனமானாலும் அது இரண்டாகப் பிரியும். இரண்டு கருவியும் சேர்ந்து அடிப்பது தற்செயலாக எவ்வளவு நடக்குமோ அதற்குக் குறையவே முடியாது. உண்மையிலேயே ஒற்றை ஃபோட்டான் என்றால் ஒரு கருவிதான் அடிக்கும்.

இதைச் சுத்தமாகச் செய்தது பாரிஸுக்குத் தெற்கே ஓர்சேயில் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே மூவரும், 1986 இல். கால்சியம் அணுவை லேசரால் கிளறிவிட்டால் அது இரண்டு ஃபோட்டான்களை அடுத்தடுத்து விடும். முதலில் 551 நானோமீட்டர் பச்சை, சில நானோ வினாடிக்குள் 423 நானோமீட்டர் ஊதா. பச்சையைப் பார்த்ததும் ஒரு குறுகிய நேரக் கதவு திறக்கும், அதற்குள் வரும் ஊதா ஃபோட்டானை மட்டும் கண்ணாடியில் விடுவார்கள். இரண்டு கருவியும் சேர்ந்து அடித்தது, அலைக்கொள்கை சொல்லும் குறைந்தபட்ச அளவில் 0.18 பங்குதான். ஒத்துப்பார்க்க அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு சாதாரண எல்இடியை, துடிப்புக்குச் சராசரி 0.01 ஃபோட்டான் என்ற அளவுக்கு மங்கலாக்கி அதே கருவியில் விட்டார்கள். அங்கே எந்தக் குறைவும் இல்லை, அலைக்கணக்கு அப்படியே பொருந்தியது. அதாவது நூறு துடிப்புக்கு ஒரு ஃபோட்டான் என்ற மங்கல் ஒளியும்கூட "ஒற்றை ஃபோட்டான்" சோதனையில் தேறவில்லை.

அப்புறம் மேசையில் அதே கால்சியம் மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு கருவிகளை எடுத்துவிட்டு இரண்டு பாதைகளையும் கண்ணாடிகளால் மீண்டும் சேர்த்தார்கள். குறுக்கீட்டுப் பட்டைகள் 98 சதவீதத்துக்கு மேல் தெளிவோடு வந்தன. பிரிக்க முடியாதது என்று இப்போதுதான் நிரூபிக்கப்பட்ட அதே ஃபோட்டான்கள், இரண்டு பாதையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பட்டை போடுகின்றன. இருமைப் பண்புக்கு ஒரே ஒரு சோதனையைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆலன் ஆஸ்பே பின்னால் 2022 இல் பிணைந்த ஃபோட்டான் சோதனைகளுக்காக நோபல் வாங்கினார், இந்த வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தென்றல்

நான் கல்லூரி முதலாம் ஆண்டு. ஒரு சந்தேகம் அண்ணா. எந்தப் பிளவு வழியாகப் போகிறது என்று நாம் பார்த்தால் பட்டை மறைந்துவிடும் என்கிறார்களே. மனித மனம் பார்ப்பதால்தான் அப்படி ஆகிறது என்று நிறைய வீடியோக்கள் சொல்கின்றன. உண்மையா?

மின்மினி

இதற்கு நான் பதில் சொல்கிறேன் தென்றல், வீட்டிலேயே செய்து பார்க்கலாம். லேசர் பாயிண்டர், ஒரு தலைமுடி, மூன்று நான்கு போலராய்டு தாள்கள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) போதும். (லேசர் நேராகவோ பளபளப்பான பொருளில் பட்டோ கண்ணுக்குள் போகக் கூடாது.) முடியை லேசர் முன் செங்குத்தாக ஒட்டினால் சுவரில் கிடைமட்டமாகப் பட்டை வரிசை விழும். முடி 0.07 மில்லிமீட்டர், சுவர் 3 மீட்டர் தள்ளி என்றால் இருண்ட இடங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் இருக்கும். ஸ்கேலால் அளந்து முடியின் தடிமனையே கண்டுபிடிக்கலாம். யங் 1803 இல் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான், சூரிய ஒளிக்கற்றையின் நடுவில் ஒரு அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை வைத்தார்.

இப்போது லேசருக்கு முன்னால் ஒரு போலராய்டைச் சாய்வாக, 45 பாகையில் வையுங்கள். முடியின் இடப்பக்கம் போகும் ஒளிக்குக் கிடைமட்டப் போலராய்டு, வலப்பக்கத்துக்குச் செங்குத்துப் போலராய்டு. நடுவில் இருக்கும் நெருக்கமான குறுக்கீட்டுப் பட்டைகள் மறைந்துவிடும். எந்தப் பக்கம் வந்தது என்ற அடையாளம் ஒளியிலேயே பதிந்துவிட்டது. அந்த அறையில் யாரும் இல்லாவிட்டாலும் பட்டை வராது. சுவருக்கு முன்னால் இன்னொரு போலராய்டை மறுபடி 45 பாகையில் வைத்தால் அடையாளம் அழிந்து, வெளிச்சம் குறைந்து, பட்டை திரும்பி வரும். தாளைத் திருப்பத் திருப்பப் பட்டை வருவதையும் போவதையும் நீங்களே பார்க்கலாம். மனதுக்கு இதில் வேலையே இல்லை.

தென்றல்

அக்கா, ஆனால் நீங்கள் சொன்னது முழுக்க அலைக்கொள்கையாலேயே விளக்கிவிடலாம் போலிருக்கிறதே? செங்குத்தான இரண்டு தளவிளைவுகள் குறுக்கிடாது என்று நாங்களே படித்திருக்கிறோம்.

மின்மினி

ஆமாம், விளக்கலாம். லேசரில் செய்யும்போது அது அலைச் சோதனைதான். ஆனால் ஒவ்வொரு ஃபோட்டானாக விட்டாலும் முடிவு இதேதான். வைரத்துக்குள் இருக்கும் ஒரு நிறமையத்தை ஒற்றை ஃபோட்டான் மூலமாக வைத்துப் பாரிஸுக்கு அருகே காஷான் ஆய்வகத்தில் 2007 இல் இதைவிடக் கடுமையாகச் செய்தார்கள். 48 மீட்டர் நீளக் கருவி. ஃபோட்டான் உள்ளே நுழைந்த பிறகுதான், பாதைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு கருவி தற்செயலாக முடிவு செய்யும். சேர்த்தால் பட்டை, சேர்க்காவிட்டால் ஏதோ ஒரு பக்கம். இயற்பியலாளர் ஜான் வீலர் 1978 இல் யோசனையாகச் சொன்னது. "முன்னால் தகடு இருக்கிறது என்று எப்படித் தெரியும்" என்று வளர்மதி மேடத்தின் மாணவி கேட்டதும் இதைத்தான். ஒளிக்கு முன்கூட்டித் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, நுழையும்போது அது எந்தப் பக்கமும் முடிவெடுப்பதில்லை.

திருவானைக்காவல்

எங்கள் ஊரில் பிறந்த சி. வி. ராமன் பெயர் இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன். காம்ப்டன் எக்ஸ் கதிரில் கண்டதற்கு இணையாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் 1928 இல் கல்கத்தாவில் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் தேடினார்கள். ராமன் விளைவு ஒளியின் துகள் தன்மைக்கு நேரடிச் சான்று இல்லையா?

பட்டகம்

ராமனுக்கு அந்த எண்ணம் இருந்தது உண்மை. ஆனால் சிதறிய ஒளியின் நிறம் மாறுவதை அலைக்கொள்கையும் சொல்லும், அதிரும் மூலக்கூறு ஒளியின் அதிர்வெண்ணைக் கூட்டியும் குறைத்தும் விடும். அப்படிப் பார்த்தால் இரண்டு பக்கக் கோடுகளும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் இருக்க வேண்டும். நிறமாலையில் ஆற்றல் கூடிய பக்கத்துக் கோடு தெளிவாக மங்கியிருக்கிறது, ஏனென்றால் கொடுப்பதற்கு ஆற்றல் வைத்திருக்கும் மூலக்கூறுகள் சாதாரண வெப்பநிலையில் குறைவு. ஆக மூலக்கூறின் ஆற்றல் படிப்படியானது என்பதற்கு அது பலமான சான்று. ஒளியைப் பற்றி என்றால், 1931 இல் ராமனும் பகவந்தமும் ஃபோட்டானின் தற்சுழற்சியைப் பற்றி வெளியிட்ட வேலையைத்தான் நான் முதலில் சொல்வேன். அது இன்னும் அதிகம் பேர் படிக்க வேண்டிய வேலை.

வளர்மதி

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். "போகும்போது அலை, சேரும்போது துகள்" என்று சுருக்கமாகச் சொல்லலாமா? தவறாகிவிடுமா?

பட்டகம்

பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாராளமாகச் சொல்லலாம் மேடம், "சில நேரம் அலை, சில நேரம் துகள்" என்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது எங்கே போதாமல் போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த மாணவி அடுத்து அங்கேதான் வருவாள்.

ஒரு இடம், ஐன்ஸ்டீன் 1927 சால்வே மாநாட்டில் எழுப்பியது. பரவி வந்த அலை ஒரு புள்ளியில் பதிவானதும், மற்ற இடங்களில் அது உடனே எப்படி இல்லாமல் போகிறது? கணக்கு எப்படிப் போடுவது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கணக்குக்கு என்ன பொருள் என்பதில் இன்றும் இயற்பியலாளர்கள் ஒத்துப்போகவில்லை. இதை அவளிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்று, இரண்டு ஃபோட்டான்கள் வரும்போது. 1987 இல் ஹாங், ஓ, மாண்டல் மூவரும் ஒரே மாதிரியான இரண்டு ஃபோட்டான்களைப் பாதி ஊடுருவும் கண்ணாடியின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கணத்தில் வரவைத்தார்கள். தனித்தனியே வந்தால் ஒவ்வொன்றும் ஐம்பதுக்கு ஐம்பது. சேர்ந்து வந்தால் இரண்டும் எப்போதும் ஒரே பக்கமாக வெளியே போகின்றன. குண்டுகளாக இருந்தால் பாதி நேரம் பிரிந்து போக வேண்டும். சாதாரண அலைகளாக இருந்தாலும் இரண்டு பக்கக் கருவிகளும் சேர்ந்து அடிப்பதைப் பாதிக்குக் கீழே கொண்டுவர முடியாது. சோதனையில் அது கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்தது. இங்கே குறுக்கிடுவது வெளியில் பரவும் இரண்டு ஒளி அலைகள் இல்லை. "இரண்டும் ஊடுருவின", "இரண்டும் திரும்பின" என்ற இரண்டு சாத்தியங்கள் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன. எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாததால்தான் அது நடக்கிறது. ஃபோட்டான்களுக்குப் பெயர் ஒட்டி எண்ணக் கூடாது என்பதை டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் 1924 இலேயே எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பிளாங்க் விதியை வரவைத்திருந்தார். ஒரே மாதிரி இரண்டு ஃபோட்டான்களை இரண்டு பெட்டியில் வைக்க மூன்று வழிதான், நான்கு இல்லை.

ராஜவேலு

நான் ஃபைபர் கேபிள் துறையில் இருக்கிறேன், அதனால் கேட்கிறேன். மங்கல் ஒளி வேறு, ஒற்றை ஃபோட்டான் வேறு என்றீர்கள். நடைமுறையில் அந்த வித்தியாசம் எங்காவது தட்டுப்படுகிறதா?

பட்டகம்

உங்கள் துறையிலேயே தட்டுப்படுகிறது சார். குவாண்டம் சாவி (செய்தியை மறைக்கப் பயன்படும் ரகசிய எண்கள்) அனுப்பும் கருவிகளில் பெரும்பாலும் மங்கலாக்கிய லேசர் துடிப்புகளைத்தான் ஃபைபரில் விடுகிறார்கள், உண்மையான ஒற்றை ஃபோட்டான் மூலம் விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். எப்போதாவது ஒரு துடிப்பில் இரண்டு ஃபோட்டான் போய்விடும். ஒட்டுக்கேட்பவர் அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பினால் பெறுபவருக்குத் தெரியாது. அதனால் நடுநடுவே வேறு வேறு பிரகாசத்தில் ஏமாற்றுத் துடிப்புகளைக் கலந்து அனுப்புகிறார்கள். ஒட்டுக்கேட்பவருக்கு எது ஏமாற்று என்று தெரியாது, இரண்டு ஃபோட்டான் துடிப்புகளை மட்டும் பொறுக்கினால் வந்துசேரும் விகிதம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஓர்சேயில் எல்இடி தேறாத அதே காரணம்தான், இங்கே அதற்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருக்கிறது.

வளர்மதி

மின்மினி, அந்தப் போலராய்டு தாள் எங்கே கிடைக்கும்? வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

மின்மினி

பழைய கால்குலேட்டர் அல்லது எல்சிடி மானிட்டரின் முகப்பில் ஒட்டியிருக்கும் மேடம், மெதுவாக உரித்தால் வந்துவிடும். பசையை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிடுங்கள். முடியின் இரண்டு பக்கமும் ஒட்டும் துண்டுகளின் விளிம்பை பிளேடால் நேராக வெட்டுங்கள், கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் பிசிறடித்துப் பட்டையைக் கெடுக்கும்.